குவைத்துக் காசு

ஆடி பதினைந்தாம் தேதி காலை ஆறு மணிக்கு பிளக்ஸ் கட்டுகிறவர்கள் வந்தார்கள்.

செல்வராணி மல்லிக் கொல்லையில் நின்றாள். இடுப்பில் கட்டியிருந்த துணியில் பாதிக்கு மொட்டு சேர்ந்திருந்தது. ஆடிக் காற்று செடிகளைப் பிடித்து ஆட்டியது. கிள்ளப் போகும் நேரத்தில் கொப்பு நழுவியது. வெயில் ஏறுவதற்குள் பறித்துக் கீரமங்கலம் கமிஷன் கடையில் போட வேண்டும். மொட்டு வாய் திறந்துவிட்டால் பாதி விலைதான். அவளுக்கு விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. பதினோரு வருசம் பிளீச்சிங் தண்ணீரில் கிடந்த விரல்கள். மொட்டைத் தொட்டால் தொட்டது தெரிவதில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பறித்தாள்.

குவைத்திலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வந்த மறுநாளே அண்ணன் மனைவி சொர்ணவல்லி துணியைக் கையில் கொடுத்து, "சும்மா ஒக்காந்திருந்தா ஒடம்பு கனத்துப் போகும்" என்று கொல்லைக்கு அனுப்பினாள்.

ரோட்டோரம் இரண்டு மூங்கிலை நட்டு பிளக்ஸை விரித்துக் கட்டினார்கள். காற்று அதை உப்ப வைத்தது. அடங்கியபோது படிக்க முடிந்தது. மொய் விருந்து. ஆடி இருபது, திங்கட்கிழமை. ஏழு வீட்டார் சேர்ந்து நடத்துவது. ஏழு கட்டங்களில் ஏழு குடும்பங்களின் படங்கள். நாலாவது கட்டத்தில் அண்ணன் வெள்ளைச்சாமி கும்பிட்டபடி நின்றான். பக்கத்தில் சொர்ணவல்லி. கீழே அவர்கள் மகன் பிரசாந்த், பி.இ.

செல்வராணி மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலே படித்தாள்.

அடுத்த பாத்தியில் கூலிக்குப் பறித்துக்கொண்டிருந்த அழகம்மாளும் நிமிர்ந்து பார்த்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"என்னடி ராணி, ஒன் மூஞ்சியக் காணோம்?"

"தெரியல."

"ஒங்கண்ணன் மகன் கறுப்புக் கண்ணாடி போட்டுருக்கான். போட்டோவுக்குள்ளயும் வெயிலடிக்குதாக்கும்?"

செல்வராணி சிரிக்கவில்லை.

"விருந்து ஒம்பேருலன்னுதானடி சொன்ன?"

"அண்ணன் சொல்லுச்சு."

"எப்ப?"

"போன்ல."

"போன்ல எங்க வீட்டுக்காரருகூடத்தான் குடிக்க மாட்டேம்பாரு" என்றாள் அழகம்மாள். மறுபடி குனிந்து பறிக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பக்கத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். ஐந்து வருசத்துக்கு ஒருமுறை ஒரு வீடு ஊரைக் கூப்பிட்டுக் கறியும் சோறும் போடும். இடைப்பட்ட வருசங்களில் அந்த வீடு மற்றவர் விருந்துகளில் போட்ட மொய்யெல்லாம் அன்றைக்குத் திரும்பி வரும். கொஞ்சம் கூடுதலாகவும் வரும். கூடுதலாக வந்தது கடன். அதைக் கொடுத்தவன் விருந்து போடும்போது திருப்ப வேண்டும். பத்திரம் இல்லை, வட்டி இல்லை. திருப்பாதவன் கடைவீதியில் தலைகாட்ட முடியாது. வங்கியை நம்பாதவர்களும் மொய்யை நம்பினார்கள். செல்வராணியும் நம்பினாள்.

அவள் புருசன் ரப்பர் வெட்டக் கேரளாவுக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டில் கொஞ்ச காலம் இருந்தாள். பிறகு குவைத்து. ஒன்பது பேர் இருந்த அரபி வீடு. துணி துவைக்கிற மிஷின் இருந்த அறையில் படுக்கை. அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. தினமும் அரிசி மூட்டையை இழுத்துக் கதவுக்கு முட்டாகப் போட்டுவிட்டுத்தான் படுத்தாள்.

சம்பளம் கைக்கு வந்த வாரம் அந்த வீட்டு டிரைவர், நெல்லூர்க்காரர், பணம் அனுப்புகிற கடையில் அவளை இறக்கிவிடுவார். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மலையாளி யாருக்கு என்று கேட்பான். வெள்ளைச்சாமி என்பாள். ஊரில் அவள் பேரிலும் ஒரு கணக்கு இருந்தது. நூறு நாள் வேலைக்காகத் திறந்தது. வெகுநாள் யாரும் தொடாததால் முடங்கிவிட்டது. மறுபடி திறக்க அவளே நேரில் வர வேண்டும் என்று வங்கியில் சொன்னார்களாம். அண்ணன் சொன்னதுதான்.

"பேங்குல கெடந்தா என்னத்தக் குட்டி போடப்போவுது?" என்றான் அப்போது. "எங்கணக்குக்கே அனுப்பு. வர வர மொய்யில போட்டு வைக்கிறேன். நீ வார வருசம் ஒம்பேருல விருந்து போடுவோம். மொத்தமா அள்ளிக்க."

சரி என்றாள். பெருநாளுக்கு அரபி வீட்டு மேடம் கொடுத்ததையும் அனுப்பினாள். கஜா புயலில் அவன் தென்னைகள் சாய்ந்தபோது கைமாற்று வாங்கித் தனியாக ஒரு தொகை அனுப்பினாள். அதை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

விருந்து ஆடியில்தான் என்பதற்காகவே ஊருக்குத் திரும்புவதை இரண்டு மாதம் தள்ளிப் போட்டாள். வந்ததும் அறந்தாங்கி ரோட்டில் மூன்று சென்ட் மனை பார்த்தாள். இரண்டு ரூம் போதும். உள்ளே தாழ்ப்பாள், வெளியே பூட்டு, சாவி தன் இடுப்பில். இனி எந்த தேசத்துக்கும் போவதில்லை. மனைக்காரர் ஆவணி பிறக்கும்வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

மத்தியானம் வெள்ளைச்சாமி பத்திரிகை வைத்துவிட்டு வந்தான். வடகாடு, கொத்தமங்கலம் என்று டிவிஎஸ்ஸில் சுற்றியதில் தலைமுடியெல்லாம் புழுதி. கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தான். செல்வராணி சோறு போட்டாள். முருங்கைக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. அவனுக்குப் பிடிக்கும் என்று மாங்காயும் போட்டிருந்தாள்.

"பிளக்ஸ் பாத்தேண்ணே."

"நல்லா அடிச்சிருக்கானா? வெல கூடக் கேட்டான். பேசி எறக்குனேன்."

"எம்பேரு இல்ல."

அவன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தான்.

"ஏழு வீடும்மா. எல்லாரையும் போட எடம் பத்துமா?"

"பிரசாந்துக்குப் பத்துச்சே."

"அவன் புள்ள."

"எம்பேருல விருந்துன்னு சொன்னியேண்ணே."

"சொன்னேன். அப்ப நெனப்பு அதுதான். ஆனா மொய்யி பூரா எம்பேருலல்ல போயிருக்கு? இப்ப பேர மாத்தி விருந்து போட்டா எவன் கொண்டாந்து போடுவான்?"

"போடுறப்பவே எம்பேருல போட்டிருக்கலாம்ல?"

"எப்புடிம்மா போடுறது? வீட்டுக்கு ஒரு பேருதான். புருசன் இல்லாத பொம்பள பேருல மொய் எழுதச் சொன்னா எழுதுறவனே சிரிப்பான்."

"புருசன் இல்லாத பொம்பள பேருல விசா எழுதுனானே, அவன் சிரிக்கல."

வெள்ளைச்சாமி சோற்றைப் பிசைந்தான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. சொர்ணவல்லி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இப்ப ஒனக்கு என்ன வேணும் ராணி? ஒங்காச நாங்க தின்னுட்டோமா?"

"தின்னீங்கன்னு சொல்லல அத்தாச்சி. குடுங்கன்னு சொல்றேன்."

"இந்தா பாரு" என்றான் வெள்ளைச்சாமி. "ஒங்காசு பதினெட்டு லட்சம். இல்லைங்கல. நாஞ் சுத்தமான ஆளு. ஒத்த ரூவா அங்கிட்டு இங்கிட்டுப் போவல. போன விருந்துல வந்ததையும் திரும்ப மொய்யிலயே போட்டாச்சு. பூராம் மொய்யில கெடக்கு."

"அப்ப திங்கக்கெழம சாயங்காலம் எங்கைக்கு வந்துரும்."

அவன் தண்ணீர் குடித்தான். செம்பை வைத்துவிட்டு மறுபடி எடுத்துக் குடித்தான்.

"அது அப்புடி இல்லம்மா. கொரோனாவுக்கு அப்பறம் மொய்யி முன்ன மாதிரி வாரதில்ல. வாரதுலயும் பாதி புதுசு. புதுசுன்னா கடன். அத்தனையும் ஒங்கிட்ட அள்ளிக் குடுத்துட்டு நாளைக்கு அவனவன் விருந்துக்கு எதக் கொண்டுட்டுப் போவேன்? காசு ஒம்மடியில, கடன் எந்தலையிலயா?"

"புதுச நீ வச்சுக்க. பழசு என்னுது. அதக் குடு."

"வந்து விழுறப்ப பழசு புதுசுன்னு பிரிச்சா விழுவுது?"

"பிரிச்சுத்தான எழுதுவாங்க. எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஊருலதான பொறந்தேன்."

"பழசுக்கு வேற வேலை இருக்கு ராணி" என்றாள் சொர்ணவல்லி. "பிரசாந்துக்குப் போலந்து போக ஏஜெண்டு கேக்குறான். வடக்குக் கொல்லைய அடமானத்துல இருந்து மீட்டாவணும். எல்லாம் ஒனக்கும் சேத்துத்தான? அவன் போயிச் சம்பாதிச்சா அத்தைக்குத் தரமாட்டானா? ஒனக்கு வேற யாரு இருக்கா? நாளைக்கு ஒனக்குக் கொள்ளி வைக்கப்போறது அவந்தான?"

"கொள்ளிக்குப் பதினெட்டு லட்சமா அத்தாச்சி? கீரமங்கலத்துல வெறகு அம்புட்டு வெலையா?"

"பேச்சப் பாரு. அரபிக்காரிகிட்ட இருந்து இதத்தான் கத்துக்கிட்டு வந்திருக்கா."

"அரபிக்காரிகிட்ட நான் பேசுனதே இல்ல. பேசாம இருந்து பேசாம இருந்து இப்ப வருது."

வெள்ளைச்சாமி கையை உதறினான். "சண்ட போடாதீங்க. விருந்து வீடு." குரலைத் தாழ்த்தினான். "ராணி, பொறுமையாக் கேளு. அறந்தாங்கி ஏஜெண்டு ஒருத்தன் பேசுனான். ஓமன். கெழவன் கெழவி மட்டும் இருக்குற வீடு. வேலையே இல்லையாம். ஒரு ரெண்டு வருசம். அதுக்குள்ள பிரசாந்தும் காலூனிருவான். அப்பறம் நீ கேட்ட மனைய வாங்கி வீட்டையே கட்டித் தந்துடுறேன்."

"நான் போகல."

"முடிவா சொல்லாத."

"நான் எங்கயும் போகல அண்ணே."

"பாஸ்போர்ட்டுகூடப் போயிருச்சு" என்றாள் சொர்ணவல்லி. "இப்பப் போயி மாட்டேன்னா எப்புடி?"

செல்வராணி அவளைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"எம் பாஸ்போர்ட்டா?"

"விசா அடிக்கத்தாம்மா" என்றான் அவன். "பீரோவுலதான இருந்துச்சு. போன வாரம் ஏஜெண்டு இந்தப் பக்கம் வந்தான். அப்புடியே குடுத்துவிட்டேன்."

குவைத்தில் இறங்கிய அன்று மேடம் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். அந்நியப் பொம்பளை. அவளாவது கையை நீட்டிக் கேட்டு வாங்கினாள்.

செல்வராணி குழம்புச் சட்டியைத் தரையில் வைத்தாள். சட்டி சுட்டிருக்கும். அவள் விரலுக்குத் தெரியவில்லை.

"சோறு வேணும்னா நீயே போட்டுக்க" என்றாள்.

மறுநாள் அவள் கொல்லைக்குப் போகவில்லை. சேலை மாற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்தாள். ஐயனார் அங்கே தேங்காய் வியாபாரி. மூன்று வருசத்துக்கு முன் அவர் போட்ட விருந்தில்தான் அவள் பணம் அதிகமாகப் போயிருந்தது. அன்று சாயங்காலமே அண்ணன் போனில் பெருமையாகச் சொல்லியிருந்தான். 'மைக்குல நம்ம பேரச் சொன்னாங்க ராணி' என்றான். நம்ம பேரு என்றுதான் சொன்னான்.

களத்தில் நாலு பேர் மட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். கடப்பாரையில் குத்தித் திருகும் சத்தம் விடாமல் கேட்டது. ஐயனார் நாற்காலியில் உட்கார்ந்து லோடு பற்றிப் போனில் கத்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் போனை வைத்தார்.

"வா தாயி. குவைத்துப் புள்ளதான? எளைச்சுப் போயிருக்க. டேய், ஒரு எளநி வெட்டுங்கடா."

"ஒரு ஒதவி கேட்டு வந்தேன் சித்தப்பா."

"சொல்லு."

"ஒங்க விருந்துக்கு எங்கண்ணன் போட்ட மொய்யி ஏங்காசு."

"தெரியுமே. அவன் சொல்லித்தான் குடுத்தான். பந்தல்ல நுழையறப்பவே வெள்ளச்சாமி வந்தாச்சு, குவைத்துக் காசு வந்தாச்சும்போம்." அவர் சிரித்தார். மட்டை உரிப்பவர்களில் ஒருவனும் சிரித்தான்.

"திங்கக்கெழம அத எங்கையில குடுத்துருங்க."

அவர் சிரிப்பு நின்றது.

"கையிலயா?"

"ஆமா. மேசையில குடுக்க வேணாம்."

"என்ன தாயி இப்புடிக் கேக்குற? ஒங்கிட்ட குடுத்துட்டேன்னு வையி. சாயங்காலம் ஒங்கண்ணன் வருவான். ஐயனாரே எம்மொய்யி எங்கம்பான். தங்கச்சிகிட்ட குடுத்தேம்பேன். யாரக் கேட்டுக் குடுத்தேம்பான். நான் என்னத்தச் சொல்ல?"

"ஏங்காசுன்னு சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியிறது வேற, செய்யிறது வேற. காசுல காந்தி மூஞ்சிதான் இருக்கு. ஒம் மூஞ்சியா இருக்கு? மொய்க்கு ஆளத் தெரியாது தாயி. எழுதுன பேரத்தான் தெரியும்."

"எனக்குப் பேரு இல்லையா சித்தப்பா?"

"யாரு இல்லேன்னா? எழுதலையே. எழுதாத பேருக்கு நான் எப்புடித் திருப்ப?" இளநீர் வந்தது. அவரே வாங்கி அவளிடம் நீட்டினார். "நான் ஒண்ணும் பொல்லாதவன் இல்ல. எம்மொறைய நான் காப்பாத்தணும். வேணும்னா வெள்ளச்சாமிகிட்ட ஒரு வார்த்த பேசிப் பாக்குறேன்."

"நீங்க பேச வேணாம்."

"எளநியக் குடிச்சுட்டுப் போ."

"ஒங்க வீட்டுல ஏங்காசு கெடக்கு. எளநி எதுக்கு?"

அவள் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் மட்டை உரிக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

இன்னும் இரண்டு வீடுகளுக்குப் போனாள். ஒரு வீட்டில் காபி கொடுத்து மழையைப் பற்றிப் பேசினார்கள். இன்னொரு வீட்டில் அவளை உட்காரவைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டார்கள். அவள் திரும்பி வந்தபோது வெள்ளைச்சாமி வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"வீடு வீடாப் போயி என் மானத்த வாங்குறியா?"

"பணத்தத்தான் வாங்க முடியல. மானத்தையாவது வாங்க முடியுதான்னு பாத்தேன்."

கையை ஓங்கினான். அவள் நகரவில்லை. தெருவில் பால்காரன் வந்துகொண்டிருந்தான். வெள்ளைச்சாமி ஓங்கிய கையால் தலையைத் தடவிக்கொண்டு உள்ளே போனான்.

அதன்பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று சொர்ணவல்லி நினைத்தாள். "ஆத்திரத்துல பேசுனா. மனசுல ஒண்ணும் கெடையாது" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். அது செல்வராணி காதிலும் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழு வீட்டுப் பெண்களும் தென்னந்தோப்பில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். பந்தல் போட்டாகிவிட்டது. காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. சருகு பறந்து வந்து வெங்காயத்தில் விழுந்தது. சமையல்காரர் திருப்பதி அடுப்புக்குக் குழி வெட்ட இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"குவைத்துல வெங்காயம் உரிச்சா கண்ணு எரியுமாடி?" என்றாள் ஒருத்தி.

"எரியும். ஆனா அழுதா சம்பளத்துல பிடிப்பாங்க" என்றாள் செல்வராணி.

பெண்கள் சிரித்தார்கள். அது வேடிக்கைக்குச் சொன்னதா என்று யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடியுமுன்பே ஆடுகளை உரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பத்து மணிக்குக் கறிக்குழம்பு வாசனை ரோடு வரைக்கும் வந்தது. வண்டிகள் தோப்பை அடைத்துக்கொண்டு நின்றன. பந்தலின் ஒரு பக்கம் பந்தி. மறுபக்கம் ஏழு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் விருந்து வீட்டார் பேர் எழுதிய அட்டை, எழுதுகிறவர், கம்ப்யூட்டர், நோட்டு எண்ணுகிற மிஷின். வாசலில் ஏழு வீட்டு ஆண்களும் வெள்ளை வேட்டியில் வரிசையாக நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டார்கள்.

"நீ பந்தியப் பாத்துக்க" என்றான் வெள்ளைச்சாமி காலையிலேயே. "இங்கிட்டு வராத."

அவள் பந்தியில் தண்ணீர் வைத்தாள். இலை போட்டாள். வாளியில் சோறு கொண்டு போனாள். திருப்பதி குழம்பு அண்டாவிலிருந்து தலையைத் தூக்கி, "தாயி, எலைக்கு ஒரு எலும்பாவது விழுவுதான்னு பாரு. எலும்பு கெடைக்காதவன் மொய்யில கொறைச்சுருவான்" என்றார். பந்திக்குப் பந்தி ஆட்கள் எழுந்து கை கழுவி, ஏப்பம் விட்டபடி மேசைப் பக்கம் போனார்கள். மிஷின்கள் சடசடவென்று எண்ணின. பெரிய தொகை வந்தால் எழுதுகிறவர் மைக்கை எடுத்துப் பேரைச் சொல்வார். தென்னை மரங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் அதைத் தோப்பு முழுக்கச் சொல்லும். கேட்டவன் தான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூட்டிப் போடுவான்.

நாலாவது மேசையில் ரெங்கராஜ் இருந்தார். கீரமங்கலத்தில் பத்திரம் எழுதுகிறவர். ஆடியில் மொய் எழுதுவார்.

உச்சி வெயில் நேரத்தில் செல்வராணி வாளியை வைத்தாள். அண்டாத் தண்ணீரில் முழங்கை வரை கழுவினாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, நாலாவது மேசைக்கு முன்னால் இருந்த வரிசையில் போய் நின்றாள்.

அவளுக்கு முன்னால் ஐயனார் நின்றார். திரும்பிப் பார்த்தார். முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முறை வந்ததும் இடுப்பிலிருந்து கட்டுகளை எடுத்து வைத்தார். மிஷின் வெகு நேரம் ஓடியது. ரெங்கராஜ் மைக்கை எடுத்து ஐயனார் பேரையும் வெள்ளைச்சாமி பேரையும் தொகையையும் சொன்னார். வாசலில் வெள்ளைச்சாமி அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டான். ஐயனார் ரசீதை மடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். போகவில்லை.

ரெங்கராஜ் மைக்கை மேசையில் வைத்தார்.

"என்ன தாயி, தண்ணி கொண்டாந்தியா?"

"மொய் எழுதணும்."

"யாரு குடுத்துவிட்டா?"

"நாந்தான்."

"நீயா?" கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நீ வீட்டாளுல்ல? கூடப்பொறந்தவ மொய் எழுதுறதில்லையே. வேட்டி துண்டு எடுத்து வையி. ஒரு மாலையப் போடு. மொய்யின்னு எழுதுனா நீ வேற வீடுன்னு ஆயிரும். அப்பறம் ஒங்கண்ணன் ஒனக்குத் திருப்பிச் செய்யணும்."

"வேற வீடுதான். எழுதுங்க."

"கோவமா?"

"எழுதுங்க."

பின்னாலிருந்து ஒருவர், "அண்ணன் தங்கச்சிக்குள்ள ஐநூறோ ஆயிரமோ. எழுதிட்டுப் போய்யா. பேராவூரணி பஸ்ஸு போயிரும்" என்றார்.

ரெங்கராஜ் தட்ட ஆரம்பித்தார்.

"பேரு?"

"செல்வராணி."

"புருசன் பேரு? இல்ல, அப்பா பேராவது சொல்லு. சும்மா செல்வராணின்னா ஊருல நாலு பேரு இருப்பாங்க."

"செல்வராணி. அம்புட்டுத்தான்."

அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே அடித்தார்.

"தொகை?"

"பதினெட்டு லட்சம்."

விரல் நின்றது. மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தவன் அவள் கையைப் பார்த்தான். பிறகு இடுப்பைப் பார்த்தான். இரண்டிலும் ஒன்றும் இல்லை.

"பணம் எங்க தாயி?"

"குடுத்தாச்சு."

"யாருகிட்ட?"

"வாங்குனவரு வாசல்ல கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாரு. பதினோரு வருசமா அவரு கையிலதான் குடுத்தேன். நீங்களே கேளுங்க."

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. அவள் சொன்னது மரத்துக்கு மரம் கேட்டது. பந்தியில் ஒரு வரிசை சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பியது. மற்ற மேசைகளில் எழுதுகிறவர்களும் தலையைத் தூக்கினார்கள்.

சொர்ணவல்லி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். செல்வராணியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாடி இங்கிட்டு. புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? நாலு பேரு இருக்குற எடத்துல..."

"வீட்டுல கேட்டுட்டேன் அத்தாச்சி. இனி நாலு பேரு இருக்குற எடத்துலதான் கேக்கணும்."

"ரெங்கராஜண்ணே, அவளுக்கு ஒடம்பு சரியில்ல. அழிச்சுருங்க. அடுத்த ஆளப் பாருங்க."

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் செல்வராணி. சொர்ணவல்லியின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். "ஏங்காசு இல்லைன்னா இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க. நான் இப்பவே போயி எலை எடுக்குறேன்."

வரிசை கலைந்து மேசையைச் சுற்றிக்கொண்டது. பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றவரும் போகவில்லை. ரெங்கராஜ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல் பேசினார்.

"நான் கூலிக்கு எழுத வந்தவன். எனக்கு எந்தப் பக்கமும் இல்ல. வாங்குனவன் ஆமான்னா எழுதலாம். இல்லைன்னா எழுத முடியாது. அம்புட்டுதான் மொறை."

"கேட்டுட்டு எழுதுப்பா" என்றார் ஐயனார், தள்ளி நின்ற இடத்திலிருந்து.

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். மற்ற ஆறு வீட்டு ஆண்களும் வெள்ளைச்சாமியை விட்டு ஓரடி விலகி நின்றிருந்தார்கள். யாரோ புதிதாக வந்தவர் அவனைக் கும்பிட்டார். அவன் திருப்பிக் கும்பிடவில்லை. கும்பிட்டுச் சேர்த்த கைகள் ஏற்கெனவே நெஞ்சுக்கு முன்னால்தான் இருந்தன. பிரிக்க மறந்திருந்தான்.

செல்வராணி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரெங்கராஜ் மைக்கை எடுத்தார்.

"வெள்ளச்சாமி, ஒந்தங்கச்சி பதினெட்டு லட்சம் ஒங்கையில குடுத்தாச்சுங்குது. வாங்குனியா, இல்லையா?"